என் வீட்டை நம்மவர்களுக்கு விற்க நினைப்பது குற்றமா?

நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுன்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது:

"பதினாறு வருடம் வாழ்ந்த வீட்டை விற்கிறோம். கணவருக்கு டல்லாஸுக்கு மாற்றல். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையைப் பூஜை அறையாக்கி, ஊரிலிருந்து தேக்கு மண்டபம் வரவழைத்து வைத்திருக்கிறோம். அந்த அறையில்தான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அட்சராப்பியாசம் நடந்தது. வீட்டை 6,85,000 டாலருக்கு லிஸ்ட் செய்தோம். ஐந்து ஆஃபர்கள் வந்தன. 7,12,000 டாலருக்குக் கேட்டது ஒரு கறுப்பினக் குடும்பம். மூன்று பிள்ளைகள், கணவர் முன்னாள் ராணுவ வீரர், வி.ஏ. லோன் (முன்னாள் வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கிடைக்கும் வீட்டுக் கடன்). இதுதான் சிறந்தது என்று ஏஜென்ட் சொன்னார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஐந்தில் இன்னொன்று 7,00,000 டாலருக்கு ஒரு தமிழ்க் குடும்பம் கொடுத்தது. கூடவே குடும்பப் புகைப்படத்தோடு ஒரு கடிதம். 'உங்கள் பூஜை அறையை அப்படியே வைத்து தினமும் விளக்கேற்றுவோம்' என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்தான பிறகுதான் அதைப் படித்தேன். அழுகையே வந்துவிட்டது. நண்பர் ஒருவர் மூலம் விஷயம் தெரிந்து, 7,12,000-க்கே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா, 'இந்தத் தெருவே நம்ம ஆளுங்க தெரு. அவங்களுக்கு மூணு பிள்ளைங்க வேற. நம்மவங்களுக்கே குடுத்துட்டுப் போங்கம்மா' என்று வாட்ஸாப்பில் எழுதினார். 'யோசிக்கிறோம் மாமா' என்று பதில் போட்டேன். அட்டர்னி ரிவ்யூ (ஒப்பந்தத்தை வழக்கறிஞர்கள் பரிசீலிக்கும் காலம்) முடிவதற்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்கிறார் என் கணவர். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக விற்றால் இந்தச் சட்டமெல்லாம் செல்லாது என்கிறார் அவருடைய சித்தப்பா மகன். லிஸ்ட் செய்வதற்கு முன் தமிழ் வாட்ஸாப் குழுவில் 'இந்திய சைவக் குடும்பத்துக்கு முன்னுரிமை' என்று போட்டிருந்தோம். ஏஜென்ட் பதறிப்போய் எடுக்கச் சொன்னார். நான் யாரையும் வெறுக்கவில்லை. நாங்களே இங்கே சிறுபான்மையினர்தான். என் வீட்டை நம்மவர்களுக்கு விற்க நினைப்பது குற்றமா?"

அட்டர்னி ரிவ்யூ ஓடிக்கொண்டிருந்ததால் கடிதம் வந்த அன்றே இவருக்கு இரண்டு வரியில் பதில் அனுப்பினேன்: எதையும் ரத்து செய்யாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், உங்கள் வழக்கறிஞரிடம் இந்தக் கடிதத்தில் உள்ளதை முழுவதுமாகச் சொல்லுங்கள். விரிவான பதிலை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இதே எண்ணம் நம் வீடுகள் பலவற்றிலும் இருக்கிறது, ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். நினைப்பது குற்றமில்லை. அந்த நினைப்பை வைத்து ஒருவருக்கு விற்க மறுப்பது சட்டவிரோதம். கையெழுத்தான ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காக ரத்து செய்தால் நீங்கள் மீறுவது ஒரு சட்டத்தை மட்டுமல்ல, மூன்று சட்டங்களை.

முதலாவது, 1968 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஃபேர் ஹவுசிங் ஆக்ட். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்த நேரம் அது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து வீடு விற்க மறுக்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். 1974-ல் பாலினமும், 1988-ல் உடற்குறையும் பிள்ளைகளோடு வாழும் குடும்பம் என்பதும் அதில் சேர்ந்தன. பக்கத்து வீட்டு மாமா 'மூணு பிள்ளைங்க வேற' என்று போகிற போக்கில் சொன்னாரே, அதுவும் சட்டம் தடுக்கிற ஒரு காரணம்தான். ஒரே வரியில் அவர் இரண்டைத் தொட்டுவிட்டார்.

இரண்டாவது, நியூ ஜெர்சியின் பாகுபாடு எதிர்ப்புச் சட்டம். இது 1945-லேயே பிறந்தது, பட்டியலும் நீளமானது. வம்சாவளி, திருமண நிலை, பாலியல் நாட்டம், ராணுவ சேவை, கடன் தவணையைக் கட்டும் சட்டப்படியான வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. மூன்றாவது 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், உங்கள் கணவரின் சித்தப்பா மகனுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

வெறுப்பு இல்லை என்றாலும்

நீங்கள் யாரையும் வெறுக்கவில்லை என்பதை நம்புகிறேன். கடிதம் முழுவதும் உங்கள் தவிப்பு தெரிகிறது. ஆனால் சட்டம் உங்கள் மனத்தில் வெறுப்பு இருந்ததா என்று கேட்பதில்லை. அவர்கள் வேறு இனத்தவராக இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்திருப்பீர்களா என்றுதான் கேட்கும். 'நம்மவர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டோம்' என்பதும் 'அவர்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை' என்பதும் உங்கள் மனத்துக்குள் வேறு வேறாக இருக்கலாம். வீடு ஒன்றுதான் என்பதால் வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே செயல்.

நாங்களே சிறுபான்மையினர்தானே என்று கேட்டிருந்தீர்கள். விற்பவர் யார் என்று இந்தச் சட்டங்கள் பார்ப்பதில்லை. வெள்ளையர் மறுத்தாலும் தமிழர் மறுத்தாலும் ஒன்றுதான். உண்மையில், நாம் சிறுபான்மையினர் என்பது இந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளத்தான் காரணமாக வேண்டும். 1915-ல் பெஷாவரிலிருந்து கலிபோர்னியா வந்த வைஷ்ணோ தாஸ் பகாய், கலா பகாய் தம்பதி பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார்கள். குடியேற மூட்டை முடிச்சுகளோடு போனபோது அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்து உள்ளே விடவில்லை. பணம் கொடுத்து வாங்கிய சொந்த வீடு. அவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பகாயிடமிருந்து குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1928-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்குக் கலா பகாயின் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று கதவைப் பூட்டியவர்களும் 'இது நம்ம ஆளுங்க தெரு' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. நம் மாநிலத்துக்குப் பக்கத்திலேயே, லாங் ஐலண்டில், நியூஸ்டே நாளிதழ் வீட்டு ஏஜென்டுகளிடம் வெவ்வேறு இனத்தவரை வாங்குபவர்கள் போல அனுப்பிச் சோதித்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டது. கறுப்பினச் சோதனையாளர்கள் 49 சதவீதச் சோதனைகளில் வெள்ளையரை விடப் பாதகமாக நடத்தப்பட்டார்கள். ஹிஸ்பானிக் இனத்தவருக்கு 39 சதவீதம். ஆசியர்களுக்கு 19 சதவீதம். அந்த 19-க்குள் இருப்பது நாமும்தான். நாளை டல்லாஸில் நீங்கள் வீடு தேடும்போது உங்களுக்காக நிற்கப்போவது இதே சட்டம்.

அட்டர்னி ரிவ்யூ எதற்காக?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரித்த வீட்டு ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் வாங்குபவரின் அல்லது விற்பவரின் வழக்கறிஞர் நிராகரிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1983-ல் இங்குள்ள வழக்கறிஞர் சங்கத்துக்கும் ஏஜென்டுகளின் அமைப்புக்கும் நடந்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் விளைவு இது. வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போட்ட சாதாரண மக்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம்.

காரணம் சொல்ல வேண்டாம் என்றால் எந்தக் காரணமும் செல்லும் என்று அர்த்தமாகிவிடாது. இங்கே வேலையில் இருப்பவரைக் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய மதத்துக்காக நீக்கினால் வழக்கு வரும் என்பதும் தெரியும். இதுவும் அப்படித்தான். உங்கள் வழக்கறிஞருக்கு உண்மையான காரணம் தெரிந்தால் அந்த ரத்துக் கடிதத்தை அவர் எழுதக்கூடாது. சட்டவிரோதச் செயலுக்கு உதவக்கூடாது என்பது அவருடைய தொழில் விதி. அவரிடம் சொல்லாமல் மறைத்து எழுதவைப்பது இன்னும் மோசம். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பது அவர் கடமை, அதனால் தயங்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

'அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?' என்று உங்கள் கணவர் கேட்டதாக ஒரு வரி இருந்தது. தெரியவரும் வழிகள் பல. ஏஜென்டின் மின்னஞ்சல்கள், மாமாவின் வாட்ஸாப், குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பின் ஸ்க்ரீன்ஷாட், தமிழ்க் குடும்பத்துக்காகத் தூது வந்த நண்பர், சில வாரம் கழித்து அதே வீடு அதே விலைக்கு இன்னொரு குடும்பத்துக்கு விற்றதாகப் பதிவாகும் பொதுப் பத்திரம். கடைசியில் சொன்னது ஒன்றே போதும், மிச்சத்தை வழக்கு வந்த பிறகு நீதிமன்றம் கேட்டு வாங்கிவிடும். விலை சமம், கையெழுத்தும் ஆகிவிட்டது, பிறகு ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் வேறு பதில் இருக்கிறதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒருவேளை அந்தத் தமிழ்க் குடும்பம் இன்னும் பத்தாயிரம் கூடத் தருகிறது என்றால்? அட்டர்னி ரிவ்யூ முடிவதற்குள் அதிக விலைக்கு மாறுவது இந்த மாநிலத்தில் நடக்கிறது. அழகான பழக்கம் இல்லை, ஆனால் பணம் மட்டுமே காரணமாக இருந்தால் அது பாகுபாடு ஆகாது. உங்கள் நிலை வேறு. யாருக்கு விற்கவேண்டும் என்ற முடிவு முதலில் வந்து, விலை அதைத் தேடி வந்திருக்கிறது. இனம் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே சட்டத்தை மீறியதாகும்.

சித்தப்பா மகன் சொன்ன விதிவிலக்கு

அவர் கேள்விப்பட்டது கற்பனை இல்லை. மூன்று வீடுகளுக்கு மேல் வைத்திருக்காத தனிநபர், ஏஜென்ட் இல்லாமல், பாகுபாடான விளம்பரமும் செய்யாமல் தன் தனிவீட்டை விற்றால் 1968 சட்டத்தின் சில பிரிவுகள் அவரைக் கட்டாது. 1968-ல் அந்த மசோதா நிறைவேறுவதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது.

ஆனால் உங்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது. நீங்கள் ஏஜென்ட் மூலம் லிஸ்ட் செய்துவிட்டீர்கள். விளம்பரமும் செய்துவிட்டீர்கள். நியூ ஜெர்சியின் சொந்தச் சட்டத்தில், குடியிருக்கும் வீட்டை விற்கும்போது இப்படி ஒரு விலக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக 1866 சட்டம் இருக்கிறது. சொத்து வாங்கவும் விற்கவும் வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று சொல்லும் சட்டம் அது. நூறு ஆண்டுகள் தூங்கிக்கிடந்த அந்தச் சட்டம் தனிநபர் செய்யும் இனப் பாகுபாட்டையும் தடுக்கும் என்று 1968 ஜூனில், செயின்ட் லூயிஸ் புறநகரில் வீடு மறுக்கப்பட்ட ஜோன்ஸ் என்பவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனம் என்று வந்துவிட்டால் அதில் விதிவிலக்கே இல்லை. வம்சாவளியும் இனக்குழுவும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று 1987-ல் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது.

மீறினால் என்ன நடக்கும்? வாங்குபவர்கள் மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போகலாம். மாநிலக் குடிமை உரிமைப் பிரிவிடம் போக 180 நாட்கள். இழப்பீட்டில் மன உளைச்சலுக்கான தொகையும், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கட்டணமும் சேரும். தண்டனையாக விதிக்கும் கூடுதல் இழப்பீடும் உண்டு. மாநில அபராதம் மட்டும் முதல் தடவைக்கு 10,000 டாலர் வரை. ஆனால் உங்களை உடனடியாக வாட்டப்போவது வேறு. வழக்கு போட்டு, வீட்டின் மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று கவுன்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் யாருக்கும் நீங்கள் வீட்டை விற்க முடியாது. டல்லாஸில் புது வீட்டுக்கும் இங்கே பழைய வீட்டுக்கும் சேர்த்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாட்ஸாப் அறிவிப்பும் அந்தக் கடிதமும்

வீடு விற்பனை தொடர்பாக ஒரு தரப்புக்கு முன்னுரிமை என்று சொல்வதோ எழுதுவதோ பதிவிடுவதோ தனிக் குற்றச்சாட்டு. மேலே சொன்ன விலக்குள்ள உரிமையாளருக்கும்கூட இதில் சலுகை இல்லை. பத்திரிகையில் போட்டால்தான் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம், குழுவில் போட்டதும் விளம்பரம்தான். 'இந்திய' என்ற சொல் பூர்வீக நாட்டைத் தொடுகிறது. 'சைவ' என்ற சொல்லை உணவுப் பழக்கம் என்று நீங்கள் வாதாடலாம். சாப்பாட்டைப் பற்றி இந்தச் சட்டங்களில் எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் மதத்தையோ பூர்வீகத்தையோ சலித்தெடுக்கும் சல்லடையாக அந்தச் சொல் பயன்பட்டால் நீதிமன்றம் சல்லடையைப் பார்க்காது, அதன் வழியாக யார் விழுந்தார்கள் என்றுதான் பார்க்கும்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். சென்னையில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' பலகை தொங்கும் வீடுகளுக்கு முன் நின்று திரும்பியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பலகை சாம்பாரைப் பற்றியது மட்டும் இல்லை, சாதியையும் பற்றியது என்று திரும்பிப் போனவருக்குத் தெரியும். அந்தப் பழக்கம் கடல் கடந்து வந்திருப்பது எனக்கு வேதனை தருகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் வேலை கொடுப்பதிலும் வீடு கொடுப்பதிலும் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லியே தடைசெய்தது. கலிபோர்னியா சட்டசபை அதே ஆண்டு நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர், ஏற்கெனவே உள்ள சட்டங்களே இதைத் தடுக்கின்றன என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நியூ ஜெர்சிச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லாவிட்டாலும் வம்சாவளி என்ற சொல் இருக்கிறது. உங்கள் குழுவில் யாராவது 'எந்த ஆளுங்க?' என்று கேட்டிருந்தால், பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

உங்கள் ஏஜென்ட் பதறியதற்கும் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் லிஸ்டிங் எடுக்கும் ஏஜென்ட், பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்தை விளக்கும் அட்டர்னி ஜெனரலின் குறிப்பை உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட காகிதக் கட்டில் அது இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். பாகுபாடு காட்டச் சொல்லும் உரிமையாளரின் லிஸ்டிங்கை ஏஜென்ட் ஏற்கக்கூடாது. ஏற்றால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து. அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அந்தக் குடும்பத்தின் கடிதத்துக்கு வருகிறேன். வாங்குபவர்கள் இப்படி எழுதுவது இங்கே பரவலான பழக்கம். புகைப்படத்தில் இனம் தெரிகிறது, 'விளக்கேற்றுவோம்' என்ற வார்த்தையில் மதம் தெரிகிறது, 'எங்கள் பிள்ளைகள்' என்றால் குடும்ப நிலை தெரிகிறது. எழுதியவர்கள் மேல் தவறில்லை, ஆனால் படித்து முடிவெடுத்தவர் மாட்டிக்கொள்வார். ஏஜென்டுகளின் தேசிய அமைப்பு இவற்றைக் கைமாற்ற வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது. ஒரெகான் மாநிலம் தடையே கொண்டுவந்தது. கருத்துரிமைக்கு எதிரானது என்று 2022-ல் மத்திய நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நியூ ஜெர்சியில் தடை கிடையாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் படித்தீர்கள் என்பது ஒருவகையில் உங்கள் நல்ல நேரம். முதல் முடிவு விலையை வைத்து எடுத்த சுத்தமான முடிவு. அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று: குழுவில் போட்டதை எடுத்துவிட்டீர்கள், சரி. மாமாவின் செய்தியையும் உங்கள் பதிலையும் இனி அழிக்க வேண்டாம். வழக்கு வரலாம் என்று தெரிந்த பிறகு ஆதாரத்தை அழித்தால், அழித்ததே உங்களுக்கு எதிரான ஆதாரமாகும். 'யோசிக்கிறோம் மாமா' என்பதோடு உரையாடல் நிற்காமல் இருப்பது நல்லது. 'மாமா, காண்ட்ராக்ட் போட்டாச்சு. யாரு, என்ன இனம்னு பாத்து மாத்துறது சரியில்ல, நாங்க மாத்தப் போறதில்ல' என்று ஒரு வரி எழுதுங்கள். அது சட்டத்துக்காகவும்தான், புது ஆட்கள் குடிவந்த பிறகு அவர் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான். புதிதாக வருபவரை மிரட்டுவதும் தொல்லை கொடுப்பதும் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் தனியாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்

விலை, டவுன் பேமென்ட், வங்கியின் முன் ஒப்புதல், ரொக்கமா கடனா, என்னென்ன நிபந்தனைகள், க்ளோசிங் (வீடு கைமாறும்) தேதி, க்ளோசிங்குக்குப் பிறகு சில நாள் நீங்கள் தங்க விடுவார்களா, இவை எல்லாவற்றையும் தாராளமாகப் பார்க்கலாம். குறைந்த விலை ஆஃபரைக்கூட, அது நிச்சயமானது என்பதற்காக, எடுக்கலாம். ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஐந்தையும் ஒரே அளவுகோலில் அளந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை வீடு விற்க நேர்ந்தால், பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் அட்டவணையாகத் தரும்படி ஏஜென்டிடம் கேளுங்கள். கடிதங்கள் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வி.ஏ. லோன் என்றாலே நம் நட்பு வட்டத்தில் ஒரு பயம் உண்டு. உங்கள் கணவருக்கும் அது இருப்பது தெரிகிறது. உண்மையான விஷயம் ஒன்றுதான்: அப்ரைசலில் வீட்டின் மதிப்பு ஒப்பந்த விலைக்குக் கீழே வந்தால் வாங்குபவர் முன்பணத்தை இழக்காமல் விலகிக்கொள்ளலாம். கரையான் பரிசோதனையும் கேட்பார்கள். விற்பவர்தான் எல்லாச் செலவும் கட்டவேண்டும் என்பது வெறும் வதந்தி. அப்ரைசல் குறைந்து அவர்கள் விலகினால் அந்தக் கதவு தானாகவே மூடும், அடுத்த ஆஃபருக்கு நீங்கள் நிம்மதியாகப் போகலாம். ஆனால் அந்தப் பயத்தை இப்போது காரணமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டபோது வி.ஏ. லோன் என்று தெரிந்துதான் போட்டீர்கள். ராணுவ சேவை மாநிலச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தக் கடனின் வரலாறு எனக்கு இங்கே முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசாங்கம் வீட்டுக் கடன் உத்தரவாதம் கொடுத்தது. நியூயார்க்கிலும் வட நியூ ஜெர்சிப் புறநகர்களிலும் அப்படிக் காப்பளித்த சுமார் 67,000 கடன்களில் வெள்ளையர் அல்லாதோருக்குப் போனவை 100-க்கும் குறைவு. 1958-ல் பர்லிங்டன் கவுன்டியில் லெவிட்டவுன் என்ற மாபெரும் குடியிருப்பைக் கட்டிய வில்லியம் லெவிட், கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். ராணுவ அதிகாரியான வில்லி ஜேம்ஸ் புகார் கொடுத்தார். அரசு உத்தரவாதமுள்ள கடனில் விற்கும் வீட்டுக்கு மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் பொருந்தும் என்று 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஊரின் இன்றைய பெயர் வில்லிங்பரோ. உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும் அந்த முன்னாள் வீரர் கொண்டுவரும் லோன், அவருடைய தாத்தா தலைமுறைக்குச் சட்டத்தில் இருந்தும் கைக்குக் கிடைக்காமல் போனது.

தமிழ்க் குடும்பத்துக்கு ஏஜென்ட் மூலமே பதில் போகட்டும். மற்ற மூவருக்கும் போகும் அதே வரிகள்: வேறு ஆஃபரை ஏற்றுவிட்டோம், விரும்பினால் மாற்று ஆஃபராகப் பதிவு செய்துகொள்ளலாம். நண்பர் மூலம் தனியாக எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

கடைசியாகப் பூஜை மண்டபம். சுவரோடு திருகி மாட்டியிருந்தால் அது வீட்டோடு சேர்ந்த பொருளாகக் கருதப்பட்டு வாங்குபவருக்குப் போய்விடும். அது உங்களோடு டல்லாஸுக்கு வரவேண்டும் என்றால், அட்டர்னி ரிவ்யூவை இதற்குப் பயன்படுத்துங்கள். மண்டபம், தொங்கும் விளக்குகள், மணி ஆகியவை விற்பனையில் சேராது, கழற்றிய இடத்தில் சுவரை விற்பவரே பூசிக் கொடுப்பார் என்று உங்கள் வழக்கறிஞரின் திருத்தக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். க்ளோசிங்குக்குப் பிறகு ஒரு வாரம் தங்கவேண்டியிருந்தால் அதையும் அதிலேயே கேளுங்கள். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள், வழக்கமாக ஒப்புக்கொள்வார்கள்.